பறக்கும் வண்டைப் படம் பிடிக்க மேக்ரோ லென்ஸ் வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருவையாற்றுப் பக்கம் வீடு. கொல்லையில் முருங்கை, கத்தரிப் பாத்தி, துளசி, இட்லிப்பூ. கையில் ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள 24 மெகாபிக்சல் கேமரா, 18-55, 55-250 மி.மீ. என்று இரண்டு கிட் லென்ஸ், கேமராவின் தலையில் மாட்டும் ஃப்ளாஷ் ஒன்று. உட்கார்ந்த பூச்சி ஓரளவு வருகிறது. பறக்கும்போது எடுத்தால் பூ மட்டும் தெளிவாக விழுந்து பூச்சி மங்கிப் போகிறது. தப்பித் தவறி உடல் தெளிந்தாலும் இறக்கை இருந்த இடத்தில் வெறும் புகை. ஷட்டரை 1/4000 நொடி வரை ஏற்றியும் அதே கதை. சின்னதை அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கினால் தீருமா? கேட்டது லென்ஸைப் பற்றித்தான் என்றாலும் இதற்குள் இரண்டு வியாதி இருக்கிறது. உடல் மங்குவது ஃபோகஸ் தப்புவதால். இறக்கை புகையாவது அது அசையும் வேகத்தால். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. மேக்ரோ லென்ஸ் இரண்டுக்குமே மருந்தல்ல. சொல்லப்போனால் முதல் வியாதியை அது அதிகமாக்கும்.

இறக்கையை முதலில் பார்ப்போம். தேனீ ஒரு நொடிக்குச் சுமார் 230 முறை இறக்கை அடிக்கிறது. அதன் இறக்கை ஏறத்தாழ 10 மி.மீ. நீளம், ஒவ்வொரு அடிப்பிலும் கிட்டத்தட்ட 90 பாகை மேலே போய்க் கீழே வருகிறது. கணக்குப் போட்டால் இறக்கை நுனி நொடிக்குச் சராசரியாக 7 மீட்டர் போகிறது, நடு வீச்சில் இன்னும் வேகம். ஷட்டர் 1/1000 என்றால் அந்த நேரத்துக்குள் நுனி 7 மி.மீ. நகர்ந்துவிடும். 1/4000 வைத்தாலும் கிட்டத்தட்ட 2 மி.மீ. இழுபடும். 10 மி.மீ. இறக்கையில் 2 மி.மீ. இழுபட்டால் நரம்பு எப்படித் தெரியும்? உங்கள் கேமராவிலோ கையிலோ குறை எதுவும் இல்லை. தட்டான் அப்படியல்ல. அது நொடிக்கு 30 முதல் 40 முறைதான் அடிக்கும். இறக்கை நீளமாக இருந்தாலும் நுனியின் வேகம் நொடிக்கு 3 மீட்டர் அளவில் நிற்கும். 1/4000-இல் முக்கால் மி.மீ. மட்டுமே நகரும், அதனால் வெயிலில் ஃப்ளாஷ் இல்லாமலே உறைய வைக்கலாம். வண்ணத்துப்பூச்சி நொடிக்குப் பத்து முறை அளவில் அடிப்பதால் 1/2000 போதும். ஆக, தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் ஷட்டரால் பிடிபடும். தேனீ, வண்டு, ஈ எல்லாம் ஃப்ளாஷால் மட்டுமே பிடிபடும். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இனி ஃபோகஸ். லென்ஸ் எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறதோ அவ்வளவுக்குத் தெளிவு விழும் ஆழம் மெலியும். லென்ஸின் துளையை (அபர்ச்சர்) எஃப்/11 அளவுக்குச் சுருக்கி, ஒன்றுக்கு ஒன்று என்ற உருப்பெருக்கத்தில், அதாவது பூச்சி சென்சாரில் தன் அளவிலேயே விழும்போது, தெளிவாக இருக்கும் தகட்டின் கனம் ஒரு மி.மீ.கூட இல்லை. பாதி அளவுக்கு வந்தால் இரண்டரை மி.மீ. சொச்சம். கால் அளவுக்கு வந்தால் எட்டு, ஒன்பது மி.மீ. கிடைக்கிறது. காற்றில் மிதக்கும் பூச்சியை ஒரு மி.மீ. தகட்டுக்குள் விழ வைப்பது குருட்டு அதிர்ஷ்டம். ஒன்பது மி.மீ. என்றால் நடக்கக்கூடிய காரியம். சரி, கால் அளவில் எடுத்தால் பூச்சி குட்டியாகிவிடாதா? 25 மி.மீ. நீளக் கருவண்டு (மரம் துளைக்கும் பெரிய கருந்தேனீ) சென்சாரில் 6 மி.மீ. விழும். சென்சாரின் அகலமே 22, 23 மி.மீ. தான். 6000 பிக்சல் அகலப் படத்தில் வண்டு மட்டும் 1500 பிக்சலுக்கு மேல் நிற்கும். சுற்றிலும் வெட்டி எடுத்தாலும் அஞ்சலட்டை அளவுக்கு மேல் தாராளமாக அச்சிடலாம். உங்கள் 55-250 அதன் நீள முனையில், கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால், இந்தக் கால் பங்கைத் தாராளமாகவே தருகிறது. அந்த வகை லென்ஸ்களில் சில 0.29 வரை போகும். அதாவது வேண்டிய லென்ஸ் ஏற்கெனவே உங்கள் பையில் கிடக்கிறது.

அபர்ச்சரை இன்னும் சுருக்கி எஃப்/22 வைத்தால் ஆழம் கூடுமே என்று தோன்றும். கூடும், ஆனால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்கவே ஒரு மெல்லிய மழுங்கல் வந்துவிடும். எஃப்/11, மிஞ்சினால் எஃப்/13. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இருந்தாலும் பூச்சியைத் துரத்தினால் ஒன்றும் நடக்காது. ஆட்டோ ஃபோகஸ் பூவைப் பிடிக்கும், இலையைப் பிடிக்கும், பின்னால் இருக்கும் வேலியைப் பிடிக்கும்; நடுவில் மிதக்கும் 12 மி.மீ. உயிரைப் பிடிக்காது. பூச்சிக் கண்ணைத் தேடும் வசதி உள்ள புதுக் கேமராக்கள் சில, தட்டான் போலப் பெரிய, வெறும் வானத்தின் முன்னால் பறக்கும் பூச்சிகளில் நன்றாகவே வேலை செய்கின்றன. செடிகளுக்குள் அவையும் தடுமாறும். ஆகவே பூச்சி வரப்போகும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்து, ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டிவிட்டு, அது வரட்டும் என்று காத்திருப்பதே வழி. கொக்கு மாதிரி.

எங்கே வரும் என்பதைப் பூச்சியே சொல்லும். கருவண்டு காய்ந்த மூங்கிலிலோ ஓட்டு வீட்டுக் கைமரத்திலோ விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டுக் குடியிருக்கும். வெளியே போனது திரும்பி வரும்போது துளைக்கு எதிரே ஓரிரு நொடி மிதந்து, சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே போகும். பந்தல் மூங்கிலில் அப்படி ஒரு துளை இருந்தால் தோட்டத்திலேயே சுலபமான இடம் அதுதான். துளையில் அல்ல, துளைக்கு வெளியே ஐந்து செ.மீ. தள்ளி ஃபோகஸ் வையுங்கள். ஒரு ஈர்க்குச்சியை அந்த இடத்தில் நீட்டிப் பிடித்து, அதன் நுனியில் ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டு, குச்சியை எடுத்துவிடலாம். பூவிலும் இதே கதைதான்: வண்டு பூவில் இறங்குவதற்கு முன் ஒரு கணம் நிதானிக்கும், அந்தக் கணத்துக்காகப் பூவிதழின் முன் விளிம்பில் ஃபோகஸ். பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் பூச்சி பூவில் இறங்கும். எனவே காற்று உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும்படி நின்றால் பூச்சி பக்கவாட்டில் கிடைக்கும், உடல் முழுவதும் அந்த ஒன்பது மி.மீ. தகட்டுக்குள் படுத்துக்கொள்ளும். நேர் எதிரே நின்றால் முகம் தெளியும், வால் கரையும்.

ட்ரைபாட் வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் கேமராவைவிடப் பூவுக்குத்தான் அதிக அவசரம். காற்றில் பூ நான்கு செ.மீ. ஆடினால் நீங்கள் பூட்டி வைத்த ஃபோகஸ் எதற்கு? பூவுக்குப் பத்து செ.மீ. கீழே தண்டோடு ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, வாழைநாரால் இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். நூல் தண்டை அறுக்கும், நார் அறுக்காது, படத்தில் விழுந்தாலும் உறுத்தாது. அம்மியையே பறக்க வைக்கும் ஆடிக் காற்றில் இந்தக் கட்டும் தாங்காது. ஆனி, ஆடியில் காலை ஏழரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

இப்போது முக்கியமான சங்கதி, ஃப்ளாஷ். இதில்தான் பெரும்பாலானோர் தவறான பொத்தானை அழுத்துகிறார்கள். கேமராத் தலையில் மாட்டும் ஃப்ளாஷ் முழுச் சக்தியில் வெடித்தால் வெளிச்சம் ஏறத்தாழ 1/1000 நொடி வரை நீடிக்கும். சக்தியைக் குறைத்தால் வெளிச்சத்தின் பலம் குறைவதில்லை, நேரம்தான் குறைகிறது. பதினாறில் ஒரு பங்கு சக்தியில் (1/16) பல ஃப்ளாஷ்களில் 1/10,000 நொடி அளவு, 1/32 சக்தியில் 1/15,000 முதல் 1/20,000 நொடி வரை. சில மாடல்களில் 1/64-க்குப் போனால் 1/30,000-கூட வரும். இறக்கையை உறைய வைப்பது இந்த நேரம்தான், ஷட்டர் அல்ல. ஷட்டர் வெறும் கதவு. 1/200-இல் திறந்து மூடினால் போதும். இதை மறந்து ஷட்டர் வேகத்தை ஏற்ற ஆசைப்பட்டு ‘ஹை ஸ்பீட் சிங்க்’ போட்டால், ஃப்ளாஷ் ஒரே வெடிப்பாக வெடிக்காமல் விட்டுவிட்டு மினுங்கி ஷட்டர் நகரும் நேரம் முழுக்க எரியும். வெளிச்சமும் குன்றும், இறக்கையும் பழையபடி புகையும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். டிடிஎல் தானியங்கியும் வேண்டாம், அது தன் இஷ்டத்துக்குச் சக்தியை ஏற்றிவிடும். கையால் 1/32 வைத்துப் பூட்டுங்கள். இந்த வித்தை புதிதும் அல்ல. பிரிட்டன் படக்கலைஞர் ஸ்டீபன் டால்டன் 1970-களிலேயே 1/25,000 அளவில் மின்னும் ஃப்ளாஷும், தாமதமில்லாமல் திறக்கும் தனி ஷட்டரும் செய்துகொண்டுதான் பறக்கும் பூச்சிகளை எடுத்தார்.

உங்கள் ஃப்ளாஷ் எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்று அறிய வீட்டு மேசை விசிறி போதும். ஒரு தகட்டின் நுனியில் அரை செ.மீ. அகல வெள்ளை ஒட்டுநாடாத் துண்டை ஒட்டுங்கள். விசிறியை முழு வேகத்தில் விட்டு, அறையை இருட்டாக்கி, முழுச் சக்தியில் ஒரு படம், 1/8-இல் ஒன்று, 1/32-இல் ஒன்று எடுங்கள். நிமிடத்துக்கு 1300 சுற்று சுற்றும் 40 செ.மீ. விசிறியின் நுனி நொடிக்கு 27 மீட்டர் போகிறது. தேனீ இறக்கையைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகம். முழுச் சக்திப் படத்தில் அந்தத் துண்டு இரண்டு, மூன்று செ.மீ. கோடாக இழுபடும். 1/32-இல் ஒன்றரை, இரண்டு மி.மீ. மட்டும் நீண்டு, ஏறக்குறைய சதுரமாகத் தெரிந்தால் உங்கள் ஃப்ளாஷ் தேறிவிட்டது, தேனீயின் இறக்கையில் அது அரை மி.மீ.கூட இழுக்காது. சதுரம் கோடாகவே இருந்தால் இன்னும் ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

1/32 என்பது கொஞ்ச வெளிச்சம். அதை எஃப்/11-க்குப் போதுமானதாக ஆக்க ஒரே வழி, ஃப்ளாஷைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. கேமராவின் தலையில் வைத்தால் 55-250-உடன் பூவிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி நிற்கும், பலிக்காது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு என்பது கணக்கு. பூ நகராதது என்பதால் ஃப்ளாஷையும் நகராமல் நட்டுவிடலாம்: பூவுக்கு மேலே, சற்று முன்னால், 25 முதல் 30 செ.மீ. தூரத்தில் ஒரு கம்பில் கட்டி, சாதாரண ரேடியோ ட்ரிகரால் இயக்குங்கள். முன்னால் வெள்ளை டிஷ்யூ தாள் இரண்டு மடிப்பு, அல்லது மெல்லிய வெள்ளைத் துணி, ஏ4 தாள் அகலத்துக்கு. கருவண்டுக்கு இது கட்டாயம். அதன் முதுகு எண்ணெய் தடவிய கருங்கல் மாதிரி பளபளக்கும். சின்ன வெளிச்சம் அதில் ஒரு வெள்ளைப் புள்ளியாக எரிந்து மற்றதெல்லாம் கரியாகிவிடும்; அகலமான வெளிச்சம் பட்டால்தான் இறக்கையின் ஊதா, நீல மினுக்கு தெரியும். கீழே ஒரு தெர்மோகோல் துண்டை வைத்தால் வயிற்றுப் பக்கமும் தெளியும். இந்த ஏற்பாட்டில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200-இலிருந்து 400-க்குள் கணக்கு முடியும். பொதுவான ஃப்ளாஷ்களுக்கு இது சரியாக வரும், உங்களுடையது சிறிய வகை என்றால் ஐஎஸ்ஓவை ஒரு படி ஏற்றுங்கள்.

ஒரு கண்ணி இதில் உண்டு. சுற்றுவெளிச்சம் பலமாக இருந்தால் ஃப்ளாஷ் அணைந்த பிறகும் ஷட்டர் திறந்திருக்கும் மிச்ச நேரத்தில் வெயில் இன்னொரு படத்தை அதே சட்டத்தில் எழுதும்: தெளிந்த இறக்கைக்கு மேல் ஒரு ஆவி இறக்கை. முழு வெயிலில் 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ 200 என்பது தேவைக்கு ஒரு படி அதிகமான வெளிச்சம். ஃப்ளாஷுக்கு அங்கே வேலையே இல்லை. பூ நிழலில் இருக்க வேண்டும். தென்னை நிழல், வீட்டின் மேற்குச் சுவர் ஓரம் காலையில், அல்லது பூவுக்கு மேல் விரித்துக் கட்டிய பழைய வேட்டி. சரிபார்க்க, ஃப்ளாஷை அணைத்துவிட்டு அதே அமைப்பில் ஒரு படம் எடுங்கள். கிட்டத்தட்ட கறுப்பாக வந்தால் சரி, செடி நன்றாகத் தெரிந்தால் நிழல் போதவில்லை. அப்புறம் பின்னணி கறுத்துப்போகிறதே என்று புலம்புவீர்கள். பூவுக்கு 30, 40 செ.மீ. பின்னால் ஒரு வாழையிலையைக் கட்டித் தொங்கவிடுங்கள், ஃப்ளாஷ் அதிலும் பட்டு இளம்பச்சையாகக் கரையும்.

தட்டானுக்கு இந்தச் சர்க்கஸ் எதுவும் வேண்டாம். காலை எட்டு மணி வெயிலில் ஐஎஸ்ஓ 800, எஃப்/8, 1/3200. டெல்டாவில் தட்டான்கள் இரண்டு குணம். ஒன்று குந்தி வேட்டையாடுவது: வாய்க்கால் ஓரத்தில் செம்மஞ்சளாகத் திரிவதும், பம்புசெட் தொட்டிச் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத்ததும் இந்த வகை. ஒரு குச்சி நுனியிலிருந்து பாய்ந்து, கொசுவையோ ஈயையோ பிடித்துக்கொண்டு திரும்ப அதே நுனிக்கே வரும். ஆகவே தொட்டி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சியை நீங்களே நடுங்கள். சுற்றிலும் வேறு உயர்ந்த நுனி இல்லாதபடி பார்த்துக்கொண்டால் தட்டான் அதைத் தேர்ந்துகொள்ளும். நுனிக்கு முன்னால் நான்கு விரல் தூரத்தில் ஃபோகஸ் பூட்டி, கிளம்பிய தட்டான் திரும்பும்போது தொடர் படப்பிடிப்பில் அழுத்துங்கள். கிளம்புவதை எடுக்க முயல வேண்டாம். மனிதக் கை கண்ணுக்குப் பதில் சொல்ல ஐந்தில் ஒரு நொடி எடுக்கும், அதற்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும். ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேர்த்துச் சேமிக்கும் வசதி சில கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களில் உண்டு, கிளம்பும் காட்சி அவற்றுக்கே சாத்தியம். உச்சி வெயிலில் வாலைச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்கும் தட்டானைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம், உடம்பில் படும் வெயிலைக் குறைக்க அது செய்யும் ஆசனம்.

மற்றது குந்தவே குந்தாத வகை. ஐப்பசி மழைக்காலத்தை ஒட்டிக் களத்துமேட்டிலும் வயல் மேலும் கூட்டமாகச் சுற்றுமே அந்த மஞ்சள் தட்டான். உலகத்திலேயே மிக அதிக தூரம் வலசை போகும் பூச்சிகளில் ஒன்று அது, பகலெல்லாம் காற்றில் மிதந்தபடி இருக்கும். ‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை’ என்பது வானிலை ஆய்வில் தேறுமா என்பது வேறு விஷயம். தாழப் பறக்கும் நேரம் படக்காரனுக்கு நல்ல நேரம். இதற்கு மட்டும் ஃபோகஸைப் பூட்டிக் காத்திருப்பது பலிக்காது. 250 மி.மீ., தொடர் ஃபோகஸ், ஃபோகஸ் புள்ளிகளில் நடுவில் உள்ள கூட்டம், வானம் பின்னணி. அது ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். நான்கு சுற்று சும்மா பார்த்து, எந்த இடத்தில் எதிர்காற்றுக்கு வேகம் தணிகிறது என்று கண்டுகொண்டு, அங்கே மட்டும் அழுத்துங்கள்.

நீலப்பட்டைத் தேனீயைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் துளசியில் கட்டாயம் வரும். வயிற்றில் வெளிர்நீல வளையங்கள், ஒரு பூவில் ஒரு நொடிக்கு மேல் நிற்காத அவசரம். பூவைத் தேர்ந்து காத்திருப்பது இதனிடம் அலுப்பான வேலை. கத்தரிப் பூவில் சற்று நேரம் தங்கும். மகரந்தப் பையைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். அப்போது ரீங்காரத்தின் சுருதி சட்டென்று ஏறும், காதில் கேட்கலாம். அந்தச் சத்தம் நின்ற அடுத்த கணம் அது பின்வாங்கி மிதக்கும், அதுவே அழுத்தும் தருணம். சாயங்காலம் ஆனால் ஆண் தேனீக்கள் காய்ந்த தண்டு ஒன்றைத் தாடையால் கடித்துக்கொண்டு வரிசையாகத் தொங்கித் தூங்கும். மார்கழி, தை விடியலில் பனித்துளி போர்த்திக் கிடக்கும் அந்த வரிசைதான் மேக்ரோ லென்ஸுக்கு உண்மையான விருந்து.

அந்தியில் இட்லிப்பூவுக்கும் அந்திமந்தாரைக்கும் வரும் பருந்தந்துப்பூச்சி நொடிக்கு 70, 80 முறை இறக்கை அடிப்பது, ஆனால் பூ முன்னால் அப்படியே நின்று நீளக் குழலை நீட்டித் தேன் குடிக்கும். ஃப்ளாஷ் 1/16 போதும். வெளிச்சம் குறைந்த நேரம் என்பதால் ஆவி இறக்கைத் தொல்லையும் இல்லை. நந்தியாவட்டையில் இலையைத் தின்று தீர்க்கும் பருத்த பச்சைப் புழுவை மருந்தடித்துக் கொல்லாமல் விட்டால் அதே இனத்தில் அழகான ஒன்று, பச்சைப் பளிங்கு மாதிரி, சில வாரத்தில் உங்கள் கொல்லையிலேயே பறக்கும்.

பருவத்தைப் பொறுத்தவரை, கார்த்திகை அடைமழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும் இடைவெளிகளும், தையிலிருந்து மாசி வரையும் சிறந்த காலம். சித்திரை முதல் வாரத்தை ஒட்டியும் ஆவணித் தொடக்கத்திலும் தஞ்சை வட்டாரத்தில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். மதியத்தில் எடுத்தால் எந்தப் பூச்சிக்கும் முகம் இருட்டு. சுற்றியுள்ள வயலில் மருந்தடித்த நாளும் அடுத்த இரண்டு மூன்று நாளும் தோட்டம் வெறிச்சோடிக் கிடந்தால் ஃபோகஸ் பயிற்சியை விசிறியோடு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் லென்ஸை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்தால் பையைத் திறக்காமல் அரைமணி வெளியில் விட்டு அப்புறம் திறங்கள்.

இதுவரை சொன்னதில் கணக்கும் இயற்பியலும் உறுதியானவை, யார் செய்தாலும் அதேதான் வரும். இனி வருவது அவ்வளவு கெட்டியான சங்கதி அல்ல. சர்க்கரைத் தண்ணீர் தெளித்தால் பூச்சி நிற்கும் என்பார்கள். எறும்பு வருவது நிச்சயம், மற்றது சந்தேகம். வெளிர்நிறச் சட்டை, மங்கல்நிறச் சட்டை என்ற சண்டையில் இரு பக்கமும் ஆள் உண்டு. நிறத்தைவிட உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழாததும் மெதுவாக அசைவதும்தான் பலன் தருகின்றன. ஃப்ளாஷ் பூச்சியின் கண்ணைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு, பகலில் ஓரிரு மின்னல் பட்ட பூச்சி அடுத்த பூவுக்குப் போய் வழக்கம்போல மேய்வதைத்தான் பார்க்க முடிகிறது. இரவில் ஒரே அந்துப்பூச்சியை நூறு முறை மின்னவைப்பது வேறு, அதைத் தவிர்ப்பது நாகரிகம். பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கி எடுக்கும் யோசனையை மட்டும் சந்தேகமில்லாமல் ஒதுக்குங்கள். குளிர்ந்த பூச்சி பறக்காது, பறக்காததைத்தான் நீங்கள் ஏற்கெனவே எடுக்கத் தெரிந்தவர். படத்தை வைத்துப் பெயர் சொல்வதிலும் எல்லை உண்டு. தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் பெரும்பாலும் படத்திலேயே அடையாளம் தெரியும். கருவண்டுகளிலும் சிறு தேனீக்களிலும் இனப்பிரிவை இறக்கை நரம்பு, கால் மயிர் என்று நுணுக்கமாகப் பார்த்தே சொல்ல முடியும். பறக்கும் படம் ஒன்றை வைத்து யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

செல்போனில் ஆகாதா என்றும் கேட்டிருந்தீர்கள். செல்போன் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அந்தப் படிப்பு முடிவதற்குள் தேனீ பல முறை இறக்கை அடித்துவிடும், அதனால் இறக்கை வளைந்தும் துண்டாகியும் விழும். எவ்வளவு விலையுயர்ந்த போனாக இருந்தாலும் பெரும்பாலும் இதே கதி. கண்ணாடியில்லாக் கேமராவின் மின்னணு ஷட்டரிலும் இந்தக் கோளாறு உண்டு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பல மாடல்களில் ஃப்ளாஷும் அப்போதுதான் எரியும்.

பனை, தென்னை உச்சியிலோ புதருக்குள்ளோ கதண்டுக் கூடு இருந்தால் அந்தப் பக்கமே ஃப்ளாஷ், கம்பு, வேட்டி எதுவும் வேண்டாம். கதண்டு கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. தீயணைப்புத் துறைக்குச் சொல்லி அகற்றுங்கள். கருவண்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, பெண் கையில் அழுத்திப் பிடித்தாலொழியக் கொட்டாது.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ரேடியோ ட்ரிகர். அடுத்து, கொசுத்தேனீ மாதிரி நான்கு மி.மீ. உயிர்களையும் எடுக்க ஆசை வந்தால், 55-250-இன் முன்னால் மாட்டும் 5 டயாப்டர் (கண்ணாடிக்குச் சொல்லும் ‘பவர்’ மாதிரி) அளவு க்ளோசப் லென்ஸ். பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையில் 20 செ.மீ. விட்டுவைக்கும் என்பதால் ஃப்ளாஷுக்கு இடம் இருக்கும். 8 டயாப்டர் வாங்கினால் 12 செ.மீ.தான் மிஞ்சும், பறப்பதற்கு அது நெருக்கம். எக்ஸ்டென்ஷன் ட்யூப் நீள லென்ஸில் அதிகம் சாதிக்காது, 25 மி.மீ. ட்யூப் 250-இல் பத்தில் ஒரு பங்குதான் கூட்டும். மேக்ரோ லென்ஸை மார்கழிக்கு வாங்குங்கள், பனியில் தூங்கும் தேனீக்களுக்காக. நாளைக் காலை கத்தரிப் பாத்தியில், வாழைநாரால் கட்டிய ஒரு பூ, 1/32-இல் ஒரு ஃப்ளாஷ், கையால் பூட்டிய ஃபோகஸ். முதல் நாள் நூறு படத்தில் ஐந்து தேறினாலே நன்றாகப் போகிறது என்று அர்த்தம். பத்தும் தேறினால் மீதித் தொண்ணூறில் பூச்சிக்கு முன்னால் தெளிவு விழுந்தவை எத்தனை, பின்னால் விழுந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கமே அதிகம் இருந்தால் மறுநாள் ஃபோகஸை அந்தப் பக்கத்திலிருந்து அரை செ.மீ. நகர்த்திப் பூட்டினால் போதும்.